இருபது காசு

சப்பாத்துக்குள் கிடந்திருக்கிறது அது.
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்,
ஈசூன் கொண்டோ வாசலில்
தடுப்புக்கோலைத் தூக்கி இறக்கி,
சாப்பாடு கொண்டுவரும் பையன்களின் பெயரெழுதி,
அதன்மேல் நின்றிருக்கிறேன்
ஒரு நாள் முழுக்க.
தெரியவில்லை.

இரவு வீட்டு வாசலில் கவிழ்த்தபோது
டக்கென்று விழுந்து உருண்டு
பாண்டான் தொட்டிக்குப் பின்னால் போனது.
காலுறையில் ஒரு ஈரம்.
வலித்திருந்தால் மாடியையே கூட்டியிருப்பேன்.
சர்க்கரை என் பாதத்துக்குள் புகுந்து
ஒவ்வொரு விளக்காய் அணைத்துவிட்டுப் போயிருந்தது,
கட்டணம் கட்டாத வீட்டுக்குச் செய்வதுபோல.

மூன்று வாரம் மஞ்சள் தடவினேன்.
நாலாவது வாரம் பெருவிரல் கறுத்தது.

கையெழுத்து வாங்க வந்த டாக்டருக்கு
என் மகனைவிடக் குறைந்த வயது.
"பெருவிரல், பக்கத்து விரல், அதுங்களோட அடியெலும்பு.
இப்ப நிறுத்தினா பாதம் தங்கும்."
பேனாவால் என் காலில் கோடு போட்டாள்,
தையல்காரி கடைசி முழத்தில் போடுவதுபோல்
யோசித்து, ஒருமுறை அழித்து.

பக்கத்து விரலில் மெட்டி இருந்தது.
அந்த மனுஷன் பாத்தாமுக்குப் போய் ஒன்பது வருஷம்.
நான் கழற்றாததைப் பாசம் என்று
என் அக்காள் இன்னும் நம்புகிறாள்.
விரல் வீங்கிவிட்டது, வரவில்லை,
அவ்வளவுதான்.
தாதி மரிசெல் சின்ன கட்டர் கொண்டுவந்து வெட்டினாள்.
சாரி மேடம், சாரி மேடம் என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் தள்ளிப்போட்டதை
ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டாளே.

பில் பதினேழாம் நாள் வந்தது.
இன்பன் மேசையில் விரித்துப் படித்தான்.
அறுவைக்கூடம். மயக்க மருந்து.
சி வகுப்பு வார்டு, ஒன்பது இரவு.
மானியம் போக, மெடிஷீல்டு போக,
மெடிசேவில் என்னுடையது போக, அவனுடையதும்.
"உன்னுதுல எடுக்காதேடா, பிள்ளை பொறக்கும்போது வேணும்."
"முதல்ல பொண்ணு கிடைக்கட்டும்மா."
கடைசியில் எங்கள் கையிலிருந்து
எழுநூற்று எண்பத்தாறு வெள்ளி
இருபது காசு.

இருவரும் ஒரே நேரத்தில்
வாசலைப் பார்த்தோம்.
தொட்டியை நகர்த்தி எடுத்து வந்தான், துடைத்தான்.
கவுண்டரில் இதையே கொடுப்போமா என்றேன்.
பேநவ்வில் கட்டியாச்சு என்றான்.

செயற்கை உறுப்புப் பிரிவில் மிஸ்டர் கோ
சிலிக்கான் விரல்களைப் பரப்பினார்.
நகம் இருந்தது, ரேகை இருந்தது,
கணுவில் சுருக்கம்கூட இருந்தது.
என் நிறம் மட்டும் இல்லை.
கலந்து செய்யலாம், ஆனால் கூடுதலாகும்:
என் ஒன்றரை மாதச் சம்பளம்.
இன்னொன்று, கெட்டியான உள்தட்டு,
முன்னால் சாம்பல்நிற நுரைக்கட்டி.
விரல் இருந்த இடத்தை அடைக்கும்,
கால் முன்னே வழுக்காது.
யார் கண்ணிலும் படாது. மானியம் உண்டு.

நுரையே போதும் என்றேன்.
மிஸ்டர் கோ அளவுநாடா எடுக்கத் திரும்பினார்.
அந்தச் சிலிக்கான் பெருவிரலை எடுத்து
நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பலமாக.
அதற்கும் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது மறுபடி வாசல் வேலை.
உட்கார ஒரு ஸ்டூல் தந்திருக்கிறார்கள்,
ஆறு மாதத்துக்கு மட்டும்.
படியிறங்கும்போது உடம்பு இன்னும்
இல்லாத விரலில் ஊன்றப் பார்க்கிறது,
கைப்பிடிச் சுவர் பிடித்துக்கொள்கிறது.

காலையில் சப்பாத்தைக் கவிழ்த்து மூன்று தட்டு.
பிறகு உள்ளே கைவிட்டு மூலைவரை துழாவுகிறேன்.
கால் பார்க்கவேண்டிய வேலையைக் கை பார்க்கிறது.
நேற்று ஒரு அரிசி அகப்பட்டது.
விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்,
எவ்வளவு பில் வரும் இதற்கு என்று.